தாலியும் ஓய்வூதியமும்

பசியை அளந்து உதவுவது அறம். பெறுபவளின் கழுத்தில் தாலி உண்டா இல்லையா என்று பார்த்து உதவுவதும் அறமாகுமா? இது ஏட்டில் மட்டும் எழும் வினா அன்று. தலைநகரில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் வாயிலிலும் வந்து நிற்கும் வினா.

கிட்வாய் நகரை நாம் அறிவோம். மத்திய அமைச்சராக விளங்கிய ரஃபி அகமது கிட்வாயின் பெயர் தாங்கிய அரசுக் குடியிருப்பு. எழுத்தர்களாகவும் கணக்கர்களாகவும் வடக்கே வந்த தமிழர் பலர், சரோஜினி நகரைப் போலவே இங்கும் குடியேறினர். ஊதியம், குடியிருப்பு, மருத்துவ வசதி ஆகிய மூன்றும் பதவி என்னும் ஒரே கொழுகொம்பைப் பற்றிப் படர்ந்த கொடிகள். பணியிலிருந்தவர் மறைந்தால் மூன்றும் ஒருங்கே ஆட்டம் காணும். குறித்த காலத்துக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும், ஊரிலோ நிலமில்லை, இங்கோ உற்றாரில்லை. அந்நிலையில் மனைவிக்கு ஊன்றுகோலாவது குடும்ப ஓய்வூதியமே.

அவ்வூன்றுகோலும் எளிதில் கிட்டியதன்று. 1964 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்த திட்டம், ஊழியரின் பணிக்கொடையில் இரண்டு மாத ஊதிய அளவைப் பங்காகக் கேட்டது. 1977 செப்டம்பரில்தான் அந்நிபந்தனை நீங்கியது. விடுபட்டிருந்த கைம்பெண்கள் உச்ச நீதிமன்றம் சென்று, 1985இல் உரிமை பெற்றனர். அதற்கு முன்பே 1982இல், நகாரா வழக்கில், ஓய்வூதியம் ஆள்வோர் இரங்கி அளிக்கும் கொடையன்று, ஆற்றிய பணியால் விளைந்த உரிமை என்று அந்நீதிமன்றம் தெளிவுறுத்தியிருந்தது.

உரிமையெனில் அதற்கு இடையில் தடை எதற்கு? 1972ஆம் ஆண்டு விதிகள், கைம்பெண்ணின் ஓய்வூதியம் அவள் இறக்கும் வரை அல்லது மறுமணம் செய்யும் வரை என்று வரையறுத்தன. இறப்பும் மறுமணமும் ஒரே வரியில் இணையாக வைக்கப்பட்டன. இவ்விணைப்பின் வேர் பழையது. வித்யாசாகரின் அரும்பாடுபட்ட முயற்சியால் 1856இல் வந்த மறுமணச் சட்டமே, ஒரு கையால் திருமண உரிமையைத் தந்து, மறு கையால் முதற்கணவன் சொத்துரிமையைப் பறித்தது. மணந்த அன்றே அவள் இறந்துவிட்டாள் எனக் கொண்டு சொத்தைப் பிறருக்கு அளித்தது. அச்சட்டம் 1983இல் நீக்கப்பட்டது. 1956ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டத்தில் எஞ்சியிருந்த மறுமணத் தடையும் 2005இல் அகன்றது. சொத்துரிமை கைவிட்ட நிபந்தனையை ஓய்வூதிய விதி மட்டும் ஏன் போற்றிக் காக்க வேண்டும்?

மறுப்போர் கூறும் காரணங்களை ஒதுக்கிவிட முடியாது. பொதுப்பணம் தேவையுள்ளோர்க்கே சேர வேண்டும் என்பர். புதுக் கணவன் காப்பானே என்பர். முதற்கணவனின் பிள்ளைகள் வஞ்சிக்கப்படலாகாது என்பர். பிள்ளைகளைக் குறித்த கவலை நியாயமானது. தாய் மறுமணம் செய்தால், தகுதியுள்ள பிள்ளைக்கு 25 வயது வரையில் ஓய்வூதியம் செல்ல விதி வகை செய்கிறது. ஆனால் புதுக் கணவன் காப்பான் என்பது கணக்கன்று, ஊகம். திருமணம் ஓர் உறவு. வருமானச் சான்றிதழ் அன்று. பெண் ஓர் ஆணின் சோற்றிலிருந்து மற்றோர் ஆணின் சோற்றுக்கு மாறுபவள் என்ற எண்ணமே அவ்வூகத்தின் அடியில் உறைகிறது. கணவன் அலுவலகம் சென்ற ஆண்டுகளெல்லாம் சமைத்தும், பிள்ளை வளர்த்தும், சிக்கனம் பிடித்தும் அப்பணிக்குத் துணை நின்றவள் அவளன்றோ? அவ்வுழைப்பு மறுமணத்தால் அழிந்துவிடுமா?

அரசே இதில் ஒருமனப்பட்டு நிற்கவில்லை. கருணை அடிப்படையில் வேலை பெற்ற கைம்பெண் மறுமணம் செய்தாலும் பணியில் தொடரலாம் என்று 1998ஆம் ஆண்டு ஆணை கூறுகிறது. வேலை நிலைக்கும், ஓய்வூதியம் நிலைக்காது! வீர விருது பெற்ற படைவீரரின் மனைவி, மறைந்தவரின் உடன்பிறந்தானை மணந்தால் மட்டுமே விருதுப்படி தொடரும் என்ற நிபந்தனையும் 2017 வரை இருந்தது. யாரை மணப்பது என்பதையும் படித்தொகை கட்டளையிட்டது. தமிழ்நாட்டிலோ, ஆதரவற்ற கைம்பெண்களுக்கான ஓய்வூதியமும், மறுமணத்தை ஊக்குவிக்கும் டாக்டர் தர்மாம்பாள் அம்மையார் நினைவுத் திட்டமும் 1970களில் பிறந்தன. ஒன்று கைம்மைக்கு உதவுகிறது; மற்றொன்று கைம்மை நீங்க உதவுகிறது. இரண்டுக்கும் இடையே நிற்கும் ஏழைப்பெண், மாதந்தோறும் வரும் சிறுதொகையை விட்டு, ஒருமுறை வரும் பரிசை நம்பலாமா என்று கணக்கிட வேண்டியவளாகிறாள்.

வழியும் கண்ணுக்குத் தெரிகிறது. ஆறாவது ஊதியக் குழுவையொட்டி 2008இல் வந்த ஆணை, மகப்பேறில்லாக் கைம்பெண் மறுமணம் செய்த பின்னும், அவளது சொந்த வருமானம் குறைந்தபட்சக் குடும்ப ஓய்வூதியத்துக்குக் கீழிருக்கும் வரை உதவி தொடரும் என்றது. இங்கே அளக்கப்படுவது தாலியன்று, தேவை. குழந்தையில்லாதவளுக்கு அறமானது, குழந்தைகளை ஆளாக்கி அனுப்பிவிட்டு முதுமையில் தனித்திருக்கும் தாய்க்கும் அறமாகாதா?

மறுமணத்தை மேடைகளில் வாழ்த்துகிறோம். ஆனால் ஒரு கைம்பெண் துணை தேடிக்கொள்ள எண்ணும்போது, ஓய்வூதியம் போய்விடுமே என்று முதலில் அஞ்சுவதும் நாமே. பெற்றோரும் உடன்பிறந்தோரும் ஓர் இரவு அமர்ந்து அவளுடன் விதிகளைப் படிப்பது, பல வாழ்த்துரைகளினும் மேலானது. எது நிலைக்கும், எது நீங்கும், பிள்ளைகளுக்கு எது சேரும் என்று அறிந்த பின், முடிவு அவளுடையதாக இருக்கட்டும். துணையா, துணைப்பணமா என்ற தேர்வை ஒரு பெண்ணின்மேல் சுமத்தாத நாளே, மறுமணம் உரிமையாக முழுமை பெறும் நாள்.