கேட்கத் தெரியாதவர் உரிமை

கடன் கொடுத்தவர் வாயிலில் வந்து நின்றால்தான் கடன் கடனாகுமா? கேட்கவே அறியாத ஒருவருக்குப் பட்ட கடன் தானாகக் கழிந்துவிடுமா? ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் பேணலையும் கல்வியையும் எண்ணுங்கால் இவ்வினாவே முன்வந்து நிற்கிறது. தொழிலாளி சங்கம் அமைக்கிறார். மாணவன் கொடி பிடிக்கிறான். மழலையோ அழ மட்டுமே அறியும். அவ்வழுகையை உரிமைக் குரலாக ஏற்பதா, இரக்கத்துக்குரிய ஒலியாகக் கொள்வதா?

சட்டமும் இவ்விடத்தில் தயங்கியே நிற்கிறது. 2002ஆம் ஆண்டின் 86ஆவது அரசியலமைப்புத் திருத்தம் 6 முதல் 14 வயது வரை கல்வியை அடிப்படை உரிமையாக்கியது. ஆறு வயது நிரம்பாதோரின் பேணலும் கல்வியும் அரசு முயலவேண்டிய நெறியாக 45ஆம் பிரிவிலேயே தங்கிவிட்டன. மூளை மிக விரைந்து வளரும் பருவத்துக்கு முயற்சி. அதன் பின்னரே உரிமை!

பாட்டியும் அத்தையும் வளர்த்த நாளில் விதிமுறை ஏது என்பார் உளர். உண்மையே. அன்று ஒரு குழந்தையைத் தூக்கப் பத்துக் கைகள் இருந்தன. பிழைப்பு நாடி வந்த நமக்கோ, பாட்டி இரண்டு நாள் இரயில் பயணத்துக்கு அப்பால் இருக்கிறார். கைகள் குறைந்தபோது, வழக்கமாக இருந்தது எழுத்தாகவேண்டியதாயிற்று. மூன்று வயதுக்குட்பட்டோரில் பத்துப் பேருக்கு ஒருவர், அதற்கு மேற்பட்டோரில் இருபது பேருக்கு ஒருவர், முப்பது குழந்தைகளுக்கு 35 சதுர மீட்டர் அறை, தாய்மொழியிலோ வட்டார மொழியிலோ பயிற்சி என்று 2013ஆம் ஆண்டின் தேசியக் கொள்கை வரையறுத்தது.

எனினும் அளவுகோல் அறையை அளக்கும். அழும் குழந்தையை எடுத்து அணைத்தவர் யார் என்பதை அளக்காது. பதிவேடுகளோடு காலம் கழிப்போர் இதனை நன்கறிவர். விதிக்கு உயிரூட்டுவது பார்ப்பவர் கண்ணில் உள்ள ஈரமே. 1969இல் தில்லியில் காந்தி நூற்றாண்டுக் கண்காட்சிக்கான கட்டடப் பணியிடத்தில், தொழிலாளர் மழலைகள் புழுதியில் கிடக்கக் கண்டார் மீரா மகாதேவன். அம்மழலைகள் மனு எழுதவில்லை. அவர் அங்கே தொடங்கிய காப்பகமே 'மொபைல் கிரீச்சஸ்' என்னும் நிறுவனமாக வளர்ந்தது.

அத்தகைய பார்வைக்கு நாம் நெடுந்தொலைவு செல்லவேண்டியதில்லை. நம் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆயா வருகிறார். அவ்வேளையில் அவருடைய குழந்தையைப் பார்த்துக்கொள்பவர் யார்? பள்ளிக்குச் செல்லவேண்டிய அக்காளா? பூட்டிய அறையா? நம் பிள்ளைக்கு நாடும் தரத்தை அப்பிள்ளைக்கும் நாடாதவரை, நாம் தரம் என்று பேசுவது நம் வசதியைத்தான். நம் குடியிருப்புச் சங்கங்களில் பூங்காவுக்கும் வாகன நிறுத்தத்துக்கும் இடம் கேட்கிறோம். அக்குழந்தைகளுக்கென ஓர் அறையையும் கேட்போமாக. கேட்கத் தெரியாதவர் பொருட்டுக் கேட்பது கேட்கத் தெரிந்தவர் கடன்.