செம்பில் களிம்பு, டியூபில் ஸ்கேல்

ஆணவம் ஆன்மாவை எப்போது வந்து பற்றியது? எப்போதும் இல்லை, அது அநாதி, செம்பில் களிம்பு மாதிரி என்கிறது சைவ சித்தாந்தம். ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் இந்த உவமையை நான் விடவில்லை. காற்றும் ஈரமும் பட்டு வருகிற களிம்பு எப்படிப் பிறவிக் குணமாகும்? “நீங்க பாய்லர்காரர், நீங்களே சொல்லுங்க சார்” என்றார் ஆசிரியர்.

சொன்னேன். அனல்மின் நிலைய சூப்பர்ஹீட்டரில் நீராவி 540 டிகிரி செல்சியஸில் ஓடும். அந்தச் சூட்டில் இரும்பு நீராவியிடமிருந்து ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொண்டு ஹைட்ரஜனை விட்டுவிடும். ஆக்சைடு படியாத டியூப் கிடையாது; அந்தப் படிவுதான் ஸ்கேல். டி-22 எஃகு ரகத்தில் இரண்டேகால் சதவீதம் குரோமியம், டி-91இல் ஒன்பது. குரோமியம் கூடினால் ஸ்கேல் நெருக்கமாகப் படிந்து, பின்னால் வரும் ஆக்சிஜனுக்கு வழியை அடைக்கும். இருமடங்கு தடிக்க நான்கு மடங்கு காலம் பிடிக்கும்.

பழைய டியூபை அறுத்து, மெருகேற்றி, மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பாருங்கள். ஸ்கேல் இரண்டு அடுக்காகத் தெரியும். உள்ளடுக்கு உலோகத்தைத் தின்று உள்நோக்கி வளர்ந்தது; குரோமியம் அதில்தான் தங்கும். வெளியடுக்கு, கசிந்து வந்த இரும்பு ஆக்சிஜனோடு சேர்ந்த மேக்னடைட். இரண்டும் சந்திக்கிற கோடு, டியூபைப் புதிதாகப் பொருத்திய அன்று அதன் மேற்பரப்பு இருந்த இடம். இன்று அங்கே உலோகமே இல்லை. ‘நான்’ எது என்று கேட்கிறவர்களுக்கு இந்தப் படத்தைக் காட்ட எனக்கு ஆசை.

சேலம் கஞ்சமலைப் பாறையில் இருப்பதும் இதே மேக்னடைட்தான். உலையில் ஆக்சிஜனைப் பிரித்த பிறகே அது இரும்பு. அப்படியானால் துரு நடுவில் வந்ததல்ல, பளபளப்புதான் நடுவில் வந்தது. (செம்பு பெரும்பாலும் கந்தகத்தோடு கிடைக்கும், அதுவும் கட்டுண்டதே.) அநாதி என்றவர்கள் சரியாகத்தான் சொன்னார்கள்.

“அப்ப ஸ்கேலைச் சுரண்டிட்டா?” என்றார் பின்வரிசைக்காரர் ஒருவர். சுரண்டினால் அடுத்த நிமிஷமே புதிது படிய ஆரம்பிக்கும். தானாக உதிர்வது இன்னும் மோசம். ஷட்டவுனில் அவசரமாகக் குளிரவைத்தால், ஸ்டெயின்லெஸ் டியூப் சுருங்குகிற அளவுக்கு ஸ்கேல் சுருங்காது. செதில் செதிலாகப் பெயர்ந்து கீழ் வளைவில் குவியும். மறுபடி பாய்லரை ஏற்றும்போது நீராவி போக வழியில்லாமல் டியூப் காய்ந்து வெடிக்கும். மலபரிபாகம் என்று ஆணவ மலம் மெல்லப் பழுப்பதைச் சொன்ன சித்தாந்திகளை அந்த இடத்தில் மெச்சினேன்.

ஒன்றில் மட்டும் எனக்கு வழக்கு. ஸ்கேல் வெப்பத்தைச் சரியாகக் கடத்தாது. உள்ளே ஓடும் நீராவியின் குளிர்ச்சி உலோகத்துக்கு எட்டாமல் மறைக்கும். அதே நீராவி உலோகத்தை அரிக்காமல் காப்பதும் அதுதான். வகுப்பில் ஆணவம் மறைக்கிறது என்பதோடு நிறுத்துகிறார்கள். அது உயிரைக் காக்கவும் செய்கிறது என்பது என் கட்சி. ஆசிரியர் இன்னும் ஒப்பவில்லை.