பழைய பிழையும் வைத்தியக் கல்லூரியின் வாசலும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வைத்தியம் பயில விரும்பும் மாணவர்களில் பெரும்பாலோர், அந்நாட்டு மருத்துவக் கல்லூரிகளின் சங்கம் நடத்தி வரும் பொது விண்ணப்ப ஏற்பாட்டின் வழியாகவே கல்லூரிகளை அணுகுகின்றனர். மதிப்பெண்கள், பரீட்சை முடிவுகள், ஆஸ்பத்திரிகளில் செய்த தொண்டு, ஆராய்ச்சி அனுபவம் என்று நீண்டுகொண்டே போகும் அந்த விண்ணப்பத்தின் நடுவில், சிறு குற்றம் எதற்காகவேனும் தண்டிக்கப்பட்டதுண்டா, குற்றத்தை ஒப்புக்கொண்டதுண்டா, எதிர்வாதம் செய்யாமல் தீர்ப்புக்கு உட்பட்டதுண்டா என்று ஒரு கேள்வி வருகிறது. சிறார் நீதிமன்றத்தில் முடிந்த வழக்குகளும், நீதிபதியின் உத்தரவால் அழிக்கப்பட்ட அல்லது மூடப்பட்ட பதிவுகளும் நீங்கலாக என்ற விலக்கும் அதனோடு சேர்ந்தே இருக்கிறது. 'ஆம்' என்று பதில் எழுதுபவர் தம் விளக்கத்தை 1,325 எழுத்துகளுக்குள் அடக்கிவிட வேண்டும். அந்தக் கேள்வியைக் கேட்பது நியாயமா என்பதும், அதற்கு உண்மையைச் சொன்னவரை என்ன செய்வது நியாயம் என்பதும் ஒன்றுபோலத் தோன்றினாலும் இரண்டு வெவ்வேறு பிரச்சினைகள். முன்னதற்கு விடை காண்பது அத்தனை கடினமன்று; பின்னதுதான் நிதானமான விசாரணையை வேண்டி நிற்கிறது.

அடிக்கடி நேர்கிற ஒரு சம்பவத்தை எடுத்துக்கொள்வோம். சர்வகலாசாலை நகரம் ஒன்றில், மாணவர்கள் சேர்ந்து வாடகைக்கு எடுத்திருக்கும் வீட்டில், வெள்ளிக்கிழமை இரவு விருந்து நடக்கிறது. இரைச்சல் பொறுக்காமல் அண்டை வீட்டார் போலீஸாரை அழைக்கின்றனர். வந்தவர்கள், கையில் சிவப்புப் பிளாஸ்டிக் கோப்பையும் அதில் பாதி பீருமாக நிற்கும் 19 வயது மாணவனிடம் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்து, ஒரு சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போகின்றனர். வக்கீல் வைத்துக்கொள்ளப் பணம் இல்லை. வகுப்பை விட்டுவிட்டு நீதிமன்றத்துக்கு நடக்க நேரமும் இல்லை. அபராதத்தைக் கட்டிவிட்டால் விஷயம் தீர்ந்துவிடும் என்று யாரோ சொல்ல, அவனும் கட்டிவிடுகிறான். கட்டியதே குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிப் பதிவேட்டில் ஏறிவிட்டது என்பது, இரண்டு மூன்று வருஷங்கள் கழித்து வைத்தியக் கல்லூரி விண்ணப்பத்தின் முன்னால் உட்காரும்போதுதான் அவனுக்குத் தெரியவருகிறது.

இதே பிராயத்தில் இங்கிலாந்தில் இருந்திருந்தால் அந்தக் கோப்பைக்காக அவனை ஒருவரும் ஒன்றும் கேட்டிருக்க மாட்டார்கள். அங்கே மது வாங்குவதற்கு 18 வயது போதும். அமெரிக்காவில் 1984-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட ஒரு மத்திய சட்டம், 21 வயதுக்கு உட்பட்டவர்கள் மது வாங்குவதையும் பொது இடத்தில் வைத்திருப்பதையும் தடை செய்யாத மாநிலங்களுக்கு நெடுஞ்சாலை மானியத்தில் ஒரு பகுதியை நிறுத்திவைப்பதாக அறிவிக்க, எல்லா மாநிலங்களும் அதற்கு இணங்கின. கஞ்சாவின் கதை இதைவிட விசித்திரமானது. கொலராடோவிலும் வாஷிங்டன் மாநிலத்திலும் 2012-ஆம் ஆண்டு வாக்காளர்களே கூடி அதைச் சட்டசம்மதமாக்கினர். வேறு மாநிலங்களில் அதே சிறு பொட்டலம் அதற்குப் பின்னும் கைதுக்குக் காரணமாக இருந்து வந்தது. அமெரிக்கச் சிவில் உரிமைகள் சங்கம் 2013-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, கஞ்சாப் பழக்கம் வெள்ளையரிடத்தும் கறுப்பரிடத்தும் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தும், அதை வைத்திருந்ததற்காகக் கறுப்பர் கைதாவது சுமார் 3.7 மடங்கு அதிகமாக இருந்தது. ஆகவே பதிவேட்டில் ஒருவன் பெயர் ஏறியிருப்பது அவன் செய்த காரியத்தை மட்டும் காட்டுவதன்று; போலீஸார் எந்தத் தெருவில் அதிகமாக நடமாடினார்கள் என்பதையும், யாரிடம் தாட்சணியம் காட்டி வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள் என்பதையும் கூடவே காட்டுகிறது. இதைக் கணக்கில் கொள்ளாமல் அப்பதிவை ஒழுக்கத்தின் அளவுகோலாக வைத்துக்கொள்பவர், தமக்கே தெரியாமல் பட்சபாதம் செய்கிறார்.

இவ்வளவும் உண்மையென்றாலும், கேள்வியையே எடுத்துவிட வேண்டும் என்று வாதிப்பவர்களோடு உடன்படுவதற்கில்லை. சாதாரணக் கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பத்திலிருந்து இத்தகைய கேள்வி 2019-ஆம் ஆண்டு முதல் நீக்கப்பட்டதும், அந்த நீக்கம் பலருக்கு நன்மை செய்ததும் மகிழத்தக்கவை. ஆனால் வைத்தியனின் நிலை வேறு. மயக்கத்தில் கிடக்கும் உடலை அவனிடம் ஒப்படைக்கிறோம். பெற்ற தாயிடமும் சொல்லாத அந்தரங்கத்தைச் சொல்கிறோம். விஷமாகவும் மருந்தாகவும் பயன்படக்கூடிய பொருள்கள் அடுக்கிய அலமாரியின் சாவியைக் கொடுக்கிறோம். இவ்வளவையும் ஏற்கப்போகிறவனிடம் ஒரு கேள்வி கேட்க நோயாளிகளின் சார்பில் சமூகத்துக்கு உரிமை உண்டு.

அந்த உரிமையை அசட்டை செய்ததால் விளைந்த கேட்டுக்கு மைக்கேல் ஸ்வாங்கோவின் வரலாறு சாட்சி. இல்லினாய் மாநிலத்தில் 1983-இல் வைத்தியப் பட்டம் பெற்ற அவர், பின்னர் ஆம்புலன்ஸ் ஊழியராக வேலை பார்த்த இடத்தில், உடன் பணிபுரிந்தவர்கள் உண்ணும் பண்டங்களில் பாஷாணத்தைக் கலந்தார் என்று 1985-இல் குற்றவாளியாகத் தீர்மானிக்கப்பட்டு ஐந்து வருஷச் சிறைத்தண்டனை பெற்றார். விடுதலையான பிறகு, 1992-இல் தெற்கு டகோட்டாவில் பயிற்சி வைத்தியராகச் சேர்ந்தபோது, தமக்கு நேர்ந்தது வெறும் கைகலப்பு வழக்கு என்று சொல்லி, அதற்கு ஆதாரமாகப் போலிக் காகிதங்களையும் காட்டி, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார். கேட்டவர்கள் நம்பினார்கள். அங்கே உண்மை வெளிப்பட்டு நீக்கப்பட்டவர், மறு ஆண்டே நியூயார்க்கில் அதே மாதிரியான பொய்யைச் சொல்லி வேறொரு பயிற்சியில் நுழைந்தார். அங்கே நோயாளிகளைக் கொன்றதை 2000-ஆம் ஆண்டு நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டு ஆயுள் தண்டனை பெற்றார். விஷம் வைத்த குற்றத்தை ஒளிப்பதற்கு அவர் தேர்ந்தெடுத்த போர்வை, யாரும் பொறுத்துப்போகக்கூடிய ஒரு சிறு குற்றம் என்பது இங்கே ஊன்றிக் கவனிக்கத்தக்கது.

சில கல்லூரிகளில் இத்தகைய வரலாற்றிலிருந்து, பதிவேட்டில் பெயர் உள்ளவனை உள்ளே விடாதே என்று படித்துக்கொள்கிறார்கள். வரலாறு சொல்வது அதுவன்று. ஸ்வாங்கோ தம் குற்றத்தைச் சொன்னதால் நுழைந்தவரல்லர், மறைத்ததால் நுழைந்தவர். தண்டனை விதித்த நீதிமன்றத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்பு போயிருந்தால் பொய் அன்றே உடைந்திருக்கும். சொன்னதைச் சரிபார்க்க வேண்டும் என்பதே அதிலிருந்து கிடைக்கும் பாடம். இன்று இடம் கொடுக்கப்பட்ட மாணவர்களின் பின்னணியை விசாரித்துப் பார்க்கும் வழக்கம் அந்த வகையில் நல்லதே. அதற்கு மாறாக, உண்மையைச் சொன்னவனைச் சொன்னதற்காகவே தள்ளிவிடும் கல்லூரி, அடுத்து வருகிறவனுக்கு மறைக்கும் வித்தையைக் கற்றுக்கொடுக்கிறது. சாமர்த்தியமாக மறைப்பவனே வாசலைக் கடப்பான் என்றால், நோயாளிக்கு எவனிடமிருந்து பாதுகாப்பு வேண்டுமோ அவனையே பொறுக்கியெடுத்து உள்ளே அனுப்பினதாகிறது.

எந்தக் குணம் பிற்காலத்தில் கேடாக முடிகிறது என்பதை ஊகத்தால் அன்றி ஆராய்ச்சியால் அறிய முயன்றவர்களும் உண்டு. மாக்சின் பாப்படாகிஸும் அவருடைய சகாக்களும் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், மூன்று வைத்தியக் கல்லூரிகளில் படித்துப் பின்னர் மாநில வைத்திய வாரியங்களால் தண்டிக்கப்பட்ட 235 வைத்தியர்களின் மாணவப் பருவக் குறிப்புகளை, தண்டனை பெறாத 469 பேரின் குறிப்புகளோடு ஒப்பிட்டனர். தண்டிக்கப்பட்டவர்களிடையே கல்லூரி நாளிலேயே தொழிலுக்கு ஒவ்வாத நடத்தை இருந்ததற்கான சாத்தியம் சுமார் மூன்று மடங்கு. அவற்றுள்ளும் பலமாகத் தொடர்பு கொண்டவை இரண்டு: கடுமையான பொறுப்பின்மை, தன்னைத் திருத்திக்கொள்ளும் சக்தி மிகவும் குன்றியிருத்தல். விருந்து வீட்டில் பீர்க் கோப்பையோடு நின்றவனைப் பற்றிச் சேர்க்கைக் குழு கேட்டறிய வேண்டியது இதைத்தான்: கொடுத்த வேலையை நம்பி ஒப்படைக்கக்கூடியவனா, குறையை எடுத்துச் சொன்னால் கேட்டுக்கொள்பவனா? பதிவேட்டைப் புரட்டி இதற்கு விடை காண இயலாது. அவனோடு வேலை செய்தவர்களைக் கேட்டால் ஒருவேளை தெரியும்.

குற்றங்கள் எல்லாவற்றையும் ஒரே தராசில் வைப்பதும் தவறு. சட்டம் சிறியது என்று சொன்னதெல்லாம் சிறியதாகிவிடாது. குடித்துவிட்டுக் கார் ஓட்டுவது, முதல் முறையாயின், பெரும்பாலான மாநிலங்களில் சிறு குற்ற வரிசையிலேயே வைக்கப்பட்டிருக்கிறது. ஆனால் பிறர் உயிரைத் தன் அலட்சியத்துக்குப் பணயமாக வைத்த அந்தச் செயல், பிறர் உயிரைக் காக்கும் தொழிலுக்கு வர விரும்புகிறவனிடத்தில், வயது குறைந்த காலத்தில் பீர் வைத்திருந்ததைக் காட்டிலும் எத்தனையோ பங்கு கனமானது. மருந்துச் சீட்டைத் திருத்தி எழுதுவதும் பிறர் பெயரில் கையெழுத்திடுவதும், தொகை எவ்வளவு அற்பமாயினும், வைத்தியத் தொழிலின் வேரையே தொடுபவை. இவற்றில் அகப்பட்டவனுக்கு வழியே இல்லை என்பது இதன் பொருளன்று. எத்தனை வருஷம் சென்றது, அதற்குப் பின் எப்படி வாழ்ந்தான் என்று கூடுதலாக ருசுக் கேட்பது அவன் விஷயத்தில் நியாயமாகும்.

இந்த இடத்தில் வைத்திய உலகத்தின் ஒரு முரண்பாட்டைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தொழிலில் உள்ள வைத்தியர் ஒருவர் மதுவுக்கோ மயக்க மருந்துக்கோ அடிமையாகிவிட்டால், அவரைச் சிகிச்சைக்கு அனுப்பி, கண்காணித்து, குணமானபின் மீண்டும் தொழிலில் அமர்த்தும் திட்டங்கள் அமெரிக்காவின் அநேகமாக எல்லா மாநிலங்களிலும் இருக்கின்றன. மிகவும் விவேகமான ஏற்பாடு அது. மனிதன் தவறுவான், தவறியவன் எழுவான் என்ற கருணையின் மேல் கட்டப்பட்டது. உள்ளே இருப்பவருக்குக் காட்டப்படும் இந்தக் காருண்யம் வாசலில் நிற்கும் இருபது வயதுப் பிள்ளைக்கு மறுக்கப்படுமானால், சகபாடிகளின்பால் கொண்ட பரிவுக்கு அறம் என்ற பெயர் பொருந்தாது.

இனி விண்ணப்பிப்பவரின் கடமை. கேட்கப்பட்டதற்கு உண்மையைச் சொல்ல வேண்டும் என்பதில் தர்க்கத்துக்கு இடமில்லை. நோயாளியிடம் தன் கை பிசகியதைச் சொல்ல வேண்டிய நாள் ஒவ்வொரு வைத்தியனுக்கும் வரும், அந்தத் திராணிக்கு இதுவே ஆரம்பப் பயிற்சி. ஆனால் அந்த 1,325 எழுத்துகளை எப்படி நிரப்புவது என்பதில் ஒரு நுட்பமான சங்கடம் இருக்கிறது. விண்ணப்பங்களைத் திருத்திக் கொடுப்பதையே தொழிலாகக் கொண்ட ஆலோசகர்கள், நடந்ததை இரண்டு வரியில் முடித்து, மிச்சத்தை வருத்தத்துக்கும் கற்ற பாடத்துக்கும் ஒதுக்கும்படி போதிக்கிறார்கள். சிலருக்கு அது மெய்யாகவே பொருந்தும். கடையில் ஏதோ சிறு பொருளைத் திருடியதாகக் கைதான ஏழை மாணவி ஒருத்தியோ, ஜாமீன் தொகை கட்ட வழியின்றிக் காவலில் கிடப்பதைவிடக் குற்றத்தை ஒப்புக்கொண்டு வீட்டுக்குப் போவதே மேல் என்று, செய்யாத குற்றத்தை ஒப்புக்கொண்டிருக்கலாம். அவள் இப்போது என்ன எழுதுவது? வருந்துகிறேன் என்று எழுதினால் பொய்; நிரபராதி என்று எழுதினால் இன்னும் திருந்தாதவள் என்ற சந்தேகம். அவள் செய்யத்தக்கது, ஒப்புக்கொண்டதை மறைக்காமல், ஒப்புக்கொண்ட காரணத்தையும் கூட்டாமல் குறைக்காமல் எழுதி, இல்லாத பச்சாத்தாபத்தை வரவழைத்துக்கொள்ளாமல் நிறுத்திவிடுவதே. அதைப் படிக்கிறவர்கள், வருத்தம் ததும்பும் வாசகங்களைத் தேடுவதை விட்டுவிட்டு, எழுதியது நீதிமன்றக் காகிதங்களோடு ஒத்திருக்கிறதா என்று பார்ப்பதே முறை.

நீதிமன்றம் அழித்துவிட்ட பதிவைப் பற்றியும் ஒரு வார்த்தை. மூடியதைத் தானாகத் திறந்து காட்டாவிட்டால் மனச்சாட்சி உறுத்துகிறது என்று கலங்கும் நல்ல மாணவர்கள் பலர் உண்டு. கேட்கிறவர்களே வேண்டாம் என்று விலக்கியதைச் சொல்லாமலிருப்பது பொய்யாகாது. அழித்துக் கொடுப்பதன் நோக்கமே அவன் அந்தச் சுமையை இறக்கிவிட்டு நடக்கவேண்டும் என்பது. பின்னாளில் ஏதேனும் மாநில வாரியம் உரிமம் கொடுக்கும் சமயத்தில் அழிக்கப்பட்டதையும் சேர்த்துச் சொல் என்று வெளிப்படையாகக் கேட்குமானால், சட்டம் தெரிந்தவர் ஒருவரைக் கலந்துகொண்டு, மழுப்பாமல் பதில் எழுத வேண்டும்.

ஆனால் எல்லாப் பாரத்தையும் மாணவன் தலையில் ஏற்றிவிட்டுக் கல்லூரிகள் ஒதுங்கிக்கொள்ளக் கூடாது. ஆண்டுதோறும் 50,000-க்கும் மேற்பட்டவர்கள் விண்ணப்பிக்க, அவர்களில் பாதிப் பேருக்குக்கூட இடம் கிடைக்காத நிலையில், எந்த விண்ணப்பத்தையும் காரணம் சொல்லாமலே தள்ளிவிடலாம். களங்கம் ஒன்று கண்ணில் பட்ட மாத்திரத்தில் அடுத்த கட்டை எடுப்பது சோர்ந்த மனிதனுக்கு இயல்பு. அறிஞர் தேவா பேஜர் 2003-இல் வெளியிட்ட மில்வாக்கி நகர ஆய்வு இதைத் துலக்குகிறது. வேலைக்கு விண்ணப்பித்த வெள்ளை இளைஞர்களில் பதிவேட்டில் களங்கமில்லாதவராகச் சொல்லிக்கொண்டவர்களுக்கு 34 சதவீதமும், தண்டனை பெற்றதாகச் சொன்னவர்களுக்கு 17 சதவீதமும் அழைப்பு வந்தது. கறுப்பு இளைஞர்களுக்கோ, களங்கமில்லாதவர்க்கே 14, தண்டனை பெற்றவர்க்கு 5. அந்த முதலாளிகள் எல்லோரும் கொடியவர்களல்லர். காரணம் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லாமல் இருந்தவர்கள், அவ்வளவுதான்.

ஆகவே, எந்த வகைக் குற்றம் எத்தனை வருஷத்துக்குப் பின் கருதப்படமாட்டாது என்பதைக் கல்லூரிகள் முன்கூட்டியே எழுதி வெளியிட வேண்டும். கல்வித் தகுதியை முதலில் தீர்மானித்துவிட்டு, அதன் பிறகே, வேறொருவர் கையால், இந்தப் பதிலைத் திறந்து பார்க்க வேண்டும். பழைய வழக்குதான் காரணமாக ஒருவரைத் தள்ளுவதென்று முடிவானால், அந்தக் காரணத்தை அவருக்கு எழுதியனுப்ப வேண்டும். பதிவேடுகளில் பெயர் ஒற்றுமையால் பிறர் குற்றம் வந்து சேர்வதும், தள்ளுபடியான வழக்கு தண்டனையாகக் குறிக்கப்படுவதும் நேர்வதுண்டு. காரணம் இன்னதென்று கடிதம் வந்தால்தான் மாணவன் நீதிமன்ற எழுத்தரிடம் போய்ச் சரியான நகலை வாங்கி, மறுபரிசீலனைக்கு அனுப்ப முடியும்.