பெயரும் ஒரு சொத்தே



பிறர் கடையிலிருந்து ஒரு சீப்பை எடுத்தாலும் அது களவு. இதில் நமக்குள் இரண்டு அபிப்பிராயம் இல்லை. ஆனால் பிறருடைய பெயரை எடுத்தால்? எடுத்த பிறகும் பெயர் அவரிடமே இருக்கிறதே, அவருக்கு என்ன நஷ்டம் என்று நாம் நெடுநாள் எண்ணியிருந்தோம். நாம் ஓதியது மதரஸாவில். படித்தது ஆரம்பப் பள்ளி வரை. அந்த எண்ணம் தவறு என்று உணர்த்தியது நம் மகளின் பாடப் புத்தகம்.

மகள் கல்லூரியில் வணிகம் படிக்கிறாள். அதில் அறிவுச் சொத்துச் சட்டம் என்று ஒரு பாடம். "வியாபாரம் படிக்கப் போன பிள்ளைக்கு வக்கீல் படிப்பு எதற்கு?" என்று கேட்டோம். அவள் உடனே பதில் சொல்லவில்லை. மறுநாள் ஜொகூர் பாருவிலுள்ள நம் கடைக்கு வந்து, அலமாரியிலிருந்து ஒரு செண்டுப் புட்டியை எடுத்து, "அத்தா, இது அந்தக் கம்பெனிச் சரக்குத்தானா?" என்றாள்.

அது வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றின் பெயரைத் தாங்கிய போலிச் சரக்கு. மொத்த வியாபாரி ஒருவர் மலிவாகக் கொடுத்தார். நாமும் தெரிந்தே வாங்கினோம். ஐந்து டஜனில் இரண்டு டஜன் விற்றுவிட்டது. "இந்த விலைக்கு அசல் கிடைக்காது என்று வாங்குகிறவர்களுக்கே தெரியுமம்மா" என்றோம். "அப்படியானால் போலி என்று எழுதி வைத்தே விற்கலாமே, அத்தா" என்றாள். நம்மிடம் பதில் இல்லை.

அன்றிரவு அவள் பாடத்திலிருந்து ஒரு வழக்கைச் சொன்னாள். கோலாலம்பூர் ஜாலான் ஈப்போவில் தமிழ்த் தம்பதியர் 1999-இல் 'மெக்கறி' என்ற உணவகத்தைத் திறந்தனர். மலேசியன் சிக்கன் கறி என்பதன் சுருக்கமே அந்தப் பெயர் என்றனர். 'மெக்' என்பது தங்களுக்குரியது என்று மெக்டொனால்ட்ஸ் நிறுவனம் 2001-இல் வழக்குத் தொடுத்தது. 2006-இல் உயர்நீதிமன்றம் அந்த நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. 2009 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. அவ்வாண்டு செப்டம்பரில் கூட்டரசு நீதிமன்றமும் மேற்கொண்டு முறையீடு செய்ய அந்த நிறுவனத்துக்கு அனுமதி மறுத்தது.

நம்மவர் வென்றார் என்று நாம் மகிழ்ந்தோம். மகளோ, "எதனால் வென்றார்கள் என்று பாருங்கள், அத்தா" என்றாள். 'மெக்' என்ற அசை ஒருவருக்கு மட்டும் உரிமையாகாது. அதோடு, கறியும் சோறும் உண்ண வருகிறவர் அதைப் பர்கர் கடை என்று எண்ணி ஏமாறமாட்டார். ஆக, வாங்க வருகிறவர் ஏமாறுகிறாரா என்பதே நீதிமன்றம் கேட்ட பெரிய கேள்வி. அந்த உரைகல்லில் நம் புட்டியை உரைத்துப் பார்த்தோம். அந்தப் பெயரைத் துடைத்துவிட்டால் அதை யாரும் கையால் தொடமாட்டார்கள்!

சகோதரர்களே! ஒரு கடையின் பெயர் என்பது பலகையில் எழுதிய எழுத்து மட்டுமா? பல்லாண்டு சரியாக நிறுத்து, சரியாக அளந்து சேர்த்த நம்பிக்கை அது. பிறர் பெயரில் மட்டச் சரக்கை விற்கும்போது பெயர் அவரிடமே இருக்கிறது, நம்பிக்கை குறைகிறது. பால் குடம் அவர் வீட்டிலேதான் இருக்கிறது. அதில் தண்ணீர் ஊற்றியவர் நாம். அளவில் மோசம் செய்வோரைக் கண்டிக்கத் திருமறையில் ஓர் அத்தியாயமே உண்டென்பதை நாம் அறிவோம். பெயரில் செய்யும் மோசம் வேறென்ன?

இது நம் சொந்த யோசனையன்று. 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி, வியாபாரப் பெயர், வியாபார முத்திரை, நூலுரிமை, கண்டுபிடிப்பு உரிமை யாவும் உடையவருக்கே சொந்தம், அவற்றில் பிறர் அத்துமீறக் கூடாது என்று தீர்மானித்துள்ளது.

நம் பெயரையும் நாம் காத்துக்கொள்ள வேண்டும். கம்பெனிப் பதிவகத்தில் கடையைப் பதிந்துவிட்டால் பெயர் நம்முடையதாகிவிடும் என்று நம்மில் பலர் எண்ணுகின்றனர். அது வேறு, முத்திரைப் பதிவு வேறு. 2019-ஆம் ஆண்டின் வணிக முத்திரைச் சட்டப்படி அறிவுச் சொத்துக் கழகத்தில் பதிந்தால் பத்தாண்டு செல்லும்; பிறகு புதுப்பித்துக் கொள்ளலாம். போலி முத்திரைச் சரக்கை விற்பவருக்கு அதே சட்டத்தில் சிறைத் தண்டனையும் உண்டு.

மிஞ்சிய மூன்று டஜனையும் உடைத்துக் குப்பையில் போட்டோம். விற்றதில் வந்த பணத்தை என்ன செய்வது? வாங்கியவர்கள் யாரென்று தெரியாது. ஹஜ்ரத்திடம் கேட்டோம். "உரியவர் கிடைத்தால் அவரிடம் கொடுங்கள். கிடைக்காவிட்டால் ஏழைகளுக்குக் கொடுங்கள், ஆனால் அதைத் தர்மம் என்று எண்ணி நன்மையை எதிர்பார்க்காதீர்கள்" என்றார். அந்தச் சொல் நம்மை உறுத்தியது. கையிலிருந்து பணம் போயும் நன்மை கிடைக்காத கொடை அது ஒன்றுதான்!

நம்மிடம் அந்தப் புட்டியை வாங்கியவர் எவரேனும் இதைப் படித்தால் கடைக்கு வாருங்கள். புட்டி காலியாக இருந்தாலும் பணத்தைத் திருப்பித் தருவோம்.

வஸ்ஸலாம்.