பலித்துப்போன வதந்தி

2022 மே 10ஆம் திகதி திருகோணமலைக் கடற்படைத் தள வாசலில் ஆட்கள் திரண்டு நின்று கோஷம் போட்டார்கள். மக்கள் போராட்டத்தின் நடுவே முதல்நாள் இலங்கைப் பிரதமர் பதவியை உதறிய மகிந்த ராஜபக்ஷ, அன்று விடியுமுன் படையினரின் காவலோடு பிரதமரின் இல்லமான அலரி மாளிகையை விட்டு வெளியேறியிருந்தார். எங்கே போனார் என்று அரசாங்கம் சொல்லவில்லை. வட்ஸ்அப் சொன்னது. குடும்பத்தோடு திருகோணமலை நேவி காம்ப்பில் இருக்கிறார் என்றது ஒரு தகவல். அரசியல் தலைகள் இந்தியாவுக்கே தப்பிவிட்டார்கள் என்றது இன்னொன்று. இந்தியக் கதை அப்பட்டமான பொய் என்று இந்திய உயர்ஸ்தானிகராலயம் மறுத்தது. மகிந்த திருகோணமலைத் தளத்தில்தான் இருக்கிறார் என்பதை 11ஆம் திகதி பாதுகாப்புச் செயலாளர் கமல் குணரத்ன உறுதிப்படுத்தினார்.

ஒன்று பலித்தது, மற்றது பொய்த்தது. ஆனால் இரண்டையும் போனில் தட்டிவிட்டவர்களில் பெரும்பாலோர் எதையும் கண்ணால் கண்டவர்கள் அல்லர். யாரிடமும் விசாரித்தவர்களும் அல்லர். செய்த காரியம் ஒன்றேயாக இருக்க, ஒருவருக்குப் பழியும் மற்றவருக்குப் பெருமையும் எப்படி வந்தன?

அருணந்தி சிவாசாரியார் 13ஆம் நூற்றாண்டில் எழுதிய சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியார் இந்தக் கேள்விக்கு உதவும். இறைவனைப் பற்றிப் பேசுமுன் அந்நூல் அளவைகளை, அதாவது அறிவைப் பெறும் வழிகளைப் பேசுகிறது. பிறர் ஆறு, பத்து என்று எண்ணினாலும் காட்சி, கருதல் (அனுமானம்), உரை (நம்பத்தகுந்தவர் சொல்) என்ற மூன்றில் எல்லாம் அடங்கும் என்பது அதன் முடிவு. நல்ல கண்ணுக்கும் ஐயமும் திரிபும் உண்டு என்றும் அது எச்சரிக்கிறது. கண்ணுக்கே அந்தக் கதி என்றால், மூலம் தெரியாத வட்ஸ்அப் தகவல் எந்த அளவையில் சேரும்? இந்தக் கணக்கில் நேவி காம்ப் தகவலை அனுப்பியவருக்கும் அறிவு இருக்கவில்லை. குருட்டு அதிர்ஷ்டம் இருந்தது, அவ்வளவுதான்.

இஸ்லாமிய மரபு இன்னும் கறாரானது. கேட்டதையெல்லாம் சொல்லித் திரிவதே ஒருவரைப் பொய்யராக்கப் போதும் என்ற கருத்தில் ஸஹீஹ் முஸ்லிம் என்ற ஹதீஸ் தொகுப்பின் முன்னுரையில் ஒரு நபிமொழி வருகிறது. செய்தி பின்னால் மெய்யானதா என்று அது பார்க்கவில்லை. (புத்தர் காலாமர் என்ற குலத்தாருக்குச் சொன்னதையும் இங்கே சேர்க்கலாம். ஆனால் கேள்விப்பட்டதை அப்படியே நம்பாதே என்ற அந்தப் போதனையே, அவர் சொல்லாத வாசகங்களோடு இணையத்தில் சுற்றுகிறது.)

இந்தியக் கதை அவ்வளவு சுலபமாகத் தொண்டைக்குள் இறங்கியதற்குக் காரணம் உண்டு. 1987இல் இந்திய அமைதிப் படை வந்ததைக் கண்டவர்கள் இந்தத் திருகோணமலையில் இருக்கிறார்கள். 2022 ஜனவரியில்தான் இங்குள்ள எண்ணெய்க் குதங்களில் 14ஐ இந்தியாவின் லங்கா ஐஓசிக்கும், 61ஐ அதுவும் பங்காளியான கூட்டு நிறுவனத்துக்கும் கொடுக்கும் ஒப்பந்தம் கைச்சாத்தானது. இந்தியா படை அனுப்புகிறது என்ற புரளியும் அதே மே மாதத்தில் கிளம்பி, அதையும் உயர்ஸ்தானிகராலயம் மறுக்க வேண்டியதாயிற்று. ஏற்கெனவே மனதில் இருக்கும் பயத்துக்கு ஒத்துப்போகும் தகவலை யாரும் சோதிப்பதில்லை. ஒரே எண்ணக்காரர்கள் கூடும் குழுவில் அது பத்துப் பேரிடமிருந்து வரும். பத்தும் ஒரே வாயிலிருந்து வந்தவை என்பது தெரியாது. ஒரு தகவலை ஒரே தடவையில் ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி 2019இல் வட்ஸ்அப் கட்டுப்பாடு போட்டது. அது வேகத்தைக் குறைக்கும், நம்பும் ஆசையைக் குறைக்காது.

பொறுத்திருந்து சோதிப்பதற்கும் விலை உண்டு என்று வாதிடலாம். சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 காலை, கடல் வருகிறது என்று கத்தியவரிடம் ஆதாரம் கேட்டு நின்றிருந்தால் என்னவாகியிருக்கும்? நியாயமான கேள்வி. ஆனால் கத்தியவர் கடலைக் கண்டவர், தானும் ஓடிக்கொண்டிருந்தவர். பொய் சொல்லியிருந்தால் மறுநாள் அதே தெருவில் ஊராருக்கு முகம் கொடுக்க வேண்டியவர். அலரி மாளிகையிலிருந்து யார் எங்கே போனார் என்று அனுப்பியவரிடம் போய்க் கேட்டால், எனக்கும் வந்தது, அனுப்பினேன் என்பார்.