விலையில்லா அறிவும் வணிக அறமும்

தன் சரக்கை வாங்குமாறு கூவி அழைக்காமல், அதைச் சார்ந்த பயனுள்ள செய்திகளைக் கட்டுரையாகவும் காணொளியாகவும் விலையின்றி வழங்கி, அதனால் விளையும் நம்பிக்கையின் வழியே வாடிக்கையாளரைப் பெறும் முறை உள்ளடக்கச் சந்தைப்படுத்தல் எனப்படுகிறது. அமெரிக்காவின் ஜான் டியர் என்னும் வேளாண் கருவி நிறுவனம் 1895இல் உழவர்களுக்காகத் தொடங்கிய 'தி ஃபரோ' இதழ் இதற்கு முற்பட்ட எடுத்துக்காட்டு. பெருஞ்செலவில் விளம்பரம் செய்ய இயலாத சிறுவணிகர்க்கு இன்று கைக்கெட்டும் வழியும் இதுவே. ஆயினும் ஆதாயத்தை எதிர்நோக்கிக் கொடுப்பது அறமாகுமா என்ற பழைய வினாவை இம்முறை மீண்டும் எழுப்புகிறது.

புறநானூற்றின் 134ஆம் பாடலில் உறையூர் ஏணிச்சேரி முடமோசியார், மறுமைப் பயன் கருதி இம்மையில் கொடுப்பவனை அறத்தை விலைபேசும் வணிகனாகக் கண்டு, ஆய் என்னும் வள்ளல் அத்தகையவன் அல்லன் என்று போற்றுகிறார். செருமானிய மெய்யியலார் இம்மானுவேல் காண்ட், 1785இல் வெளியான தம் அறவியல் நூலில், விவரமறியாதவரிடமும் கூடுதல் விலை பெறாத கடைக்காரரை எடுத்துக்காட்டி, அந்நேர்மை தன்னலத்தில் பிறந்ததாயின் கடமைக்கு ஒத்ததாக இருப்பினும் கடமை கருதிச் செய்ததாகாது என வேறுபடுத்துகிறார். இவ்விரு அளவுகோல்களாலும் வணிகன் தரும் அறிவு தூய கொடையன்று.

எனினும் கொடைக்குரிய அறம் வேறு, வணிகத்திற்குரிய அறம் வேறு. கொள்ளும்போது மிகையாகக் கொள்ளாமலும் கொடுக்கும்போது குறைத்துக் கொடுக்காமலும் இருந்த காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் புகழும் பட்டினப்பாலை, அவர்கள் ஆதாயம் பெற்றதைக் குறையாகக் கூறவில்லை. நபிகள் நாயகத்தின் சொல்லையும் செயலையும் பதிவு செய்யும் ஹதீஸில், அவர் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கைவிட்டு, விரல்களில் ஈரம் படக்கண்டு, மழையில் நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கலாகாதா என வினவிய செய்தி வருகிறது. அங்கும் விற்பது குற்றமன்று, ஈரத்தை அடியில் மறைப்பதே குற்றம்.

மரச்செக்கு நல்லெண்ணெய் விற்கும் ஒருவர், எள்ளுடன் கருப்பட்டி சேர்த்து ஆட்டுவது ஏன், அடியில் கசடு தங்குவது எதனால், இயந்திரத்தைவிடச் செக்கில் எண்ணெய் குறைவாக இறங்குவதால் விலை எவ்வாறு கூடுகிறது என்பவற்றை விளக்குவாராயின், அவர் குவியலை வாங்குவோர் முன் திறந்து காட்டுகிறார். அதே எண்ணெய் நீரிழிவைப் போக்கும் என்று எழுதுவாராயின், செய்தி விலையின்றிக் கிடைத்தாலும் அதற்குரிய விலையை நம்பியவரின் உடல் கொடுக்கிறது. எந்த எண்ணெயும் அளவோடு உண்ணத்தக்கதே என்று, தம் விற்பனை குறையக்கூடும் என அறிந்தும் ஒரு வணிகர் சொல்லும் இடத்தில், காண்ட் ஐயுற்ற தன்னலம் பின்வாங்கிக் கடமை முன்வருகிறது. எனவே எழுதுபவரின் உள்ளத்தில் ஆதாய எண்ணம் உண்டா என்று துருவுவதைவிட, எதையும் வாங்காமல் செல்பவரும் அச்செய்தியால் நன்மை பெறுவாரா என்று கேட்பதே இம்முறைக்குரிய நேரிய அறச்சோதனையாகும்.