பத்தியச் சோறு

கோடையை வையாதவர்கள் நம் ஊரில் கிடையாது. ஆனால் சமையலறையில் நின்று பார்த்தால் அந்த வசவில் பாதியைத் திரும்பப் பெற்றுக்கொள்ளத் தோன்றும். பங்குனியில் மாவடு வருகிறது. அதன் பின்னாலேயே கிளிமூக்கு மாங்காய், ஆற்று மணலில் விளைந்த வெள்ளரிப் பிஞ்சு, நுங்கு, பண்ருட்டிப் பலா என்று ஒவ்வொன்றாக வாசலுக்கே வந்து நிற்கின்றன. முருங்கை மரம் சடைசடையாய்க் காய்களைத் தொங்கவிடுகிறது. மே 4-ஆம் தேதி வாக்கில் அக்கினி நட்சத்திரம் தொடங்கும்போது பங்கனபள்ளியின் மணம் தெருவையே வளைத்துக்கொள்ளும். இவற்றைச் சமைக்கச் சாமர்த்தியம் ஒன்றும் வேண்டாம். காலையில் வாங்கிய காயை அன்றே நறுக்கினால் போதும். உப்பும் ஒரு மிளகாயும் தாளிக்கக் கொஞ்சம் எண்ணெயும் மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

இத்தனை வளமும் வீட்டுக்குள் நுழையும்போது ஒருத்திக்கு மட்டும் அதில் பங்கில்லை. குழந்தை பெற்று ஒரு மாதமோ இரண்டு மாதமோ ஆனவள் அவள். மாம்பழம் சூடு, குழந்தைக்கு மாந்தம் வரும், வெள்ளரி குளிர்ச்சி, சளி கட்டும், பலா வாயு. ஆகவே அவள் தட்டில் பூண்டுக் குழம்பு, சுண்டை வற்றல், மிளகு ரசம், குழைந்த சோறு. மறுநாளும் அதுவே. குழந்தையின் தகப்பனுக்கு மட்டும் எந்தச் சாஸ்திரத்திலும் பத்தியம் விதிக்கவில்லை. அவன் மூன்றாவது மாம்பழத்தைத் தாராளமாக நறுக்கிக்கொள்ளலாம்.

மற்றொருவருடைய நன்மைக்காக ஒருத்தியிடம் தியாகத்தைக் கேட்டு வாங்கலாமா? அப்படிக் கேட்டு வாங்கியது தியாகம் ஆகுமா? இந்தக் கேள்வி என்னை வெகு நாட்களாக உறுத்திக்கொண்டிருக்கிறது.

வைத்திய விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். அதில் அதிகச் சிக்கல் இல்லை. பால் கொடுக்கும் தாய்க்கு மற்ற நாட்களைவிட ஏறக்குறைய 500 கலோரி அதிகமாக வேண்டும். முதல் ஆறு மாதம் குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டுமே போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் சொல். அந்தப் பாலிலுள்ள வைட்டமின் ஏ சத்து அவள் உண்பதைப் பொறுத்தது. அந்தச் சத்துக்கு வழி செய்யும் பழங்களில் மாம்பழமும் ஒன்று. நம் பாட்டிமார்கள் எல்லாவற்றிலும் தவறினார்கள் என்றும் சொல்ல முடியாது. 1991-இல் அமெரிக்காவில் மென்னெல்லா, பீச்சம் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள், தாய் பூண்டு சாப்பிட்டால் அந்த வாசனை பாலில் இறங்குவதையும், குழந்தை முகம் சுளிக்காமல் இன்னும் அதிக நேரம் மார்பில் ஒட்டிக்கொள்வதையும் கண்டார்கள். பூண்டுக் குழம்பு ஜெயித்தது என்று வைத்துக்கொள்ளலாம். பத்து வருஷம் கழித்து, 2001-இல், தாய் காரட் சாறு குடித்திருந்தால் அவள் குழந்தை பின்னால் காரட்டின் ருசியை முகங்கோணாமல் ஏற்பதாக மென்னெல்லாவும் அவரோடு சேர்ந்தவர்களும் எழுதினார்கள். தாயின் தட்டில் இருப்பதைக் குழந்தையும் பாலின் வழியே ருசி பார்க்கிறது. வெறும் மிளகு ரசத்தையே அவளுக்கு ஊற்றுகிறவர்கள் சாப்பாட்டுப் பழக்கத்தின் முதல் பாடத்தை ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள்.

இவ்வளவு தெரிந்த பிறகு கேள்வி தீர்ந்துவிட வேண்டும் அல்லவா? எனக்குத் தீரவில்லை. அதற்குக் காரணம் என் தாயார்.

என் தங்கை தலைப்பிரசவத்துக்குக் கும்பகோணத்தில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். குழந்தை மாசியில் பிறந்தது. கோடை முழுவதும் பத்தியத்தில் விழுந்தது. காய் நறுக்கும் வேலையை அப்போது நான் எடுத்துக்கொண்டிருந்ததால் எல்லாவற்றையும் பக்கத்திலிருந்து பார்த்தேன். பால் கொடுப்பவளின் பசி வேறு ஜாதிப் பசி. இரவு மூன்று மணிக்குக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அடுக்களைக்கு வந்து, ஏதாவது இருக்கிறதா என்று ஒவ்வொரு பாத்திரமாகத் திறந்து பார்ப்பாள். வருஷப் பிறப்பன்று வேப்பம்பூ உதிர்த்த மாங்காய்ப் பச்சடி செய்தோம். அம்மா கரண்டி நுனியில் சாஸ்திரத்துக்கு ஒரு துளி எடுத்து அவள் உள்ளங்கையில் விட்டாள். அவள் அதை நக்கிவிட்டு உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அம்மா கொடுமைக்காரி என்று வாசகர்கள் முடிவு கட்ட வேண்டாம். அந்த வருஷம் அவளும் மாம்பழத்தைத் தொடவில்லை. மகளுக்கு வைத்த அதே குழம்பு, அதே ரசம், அதே சோறு. கேட்டால், "அவ திங்காதப்ப எனக்கு எப்படிடா தொண்டையில எறங்கும்?" என்பாள். அறுபத்திரண்டு வயதில், யாரும் கேட்காமல், பாலும் கொடுக்காமல், அவள் பத்தியம் இருந்தாள். நான் மனத்துக்குள் கைகூப்பினேன். விதிக்கிறவனே அதைச் சுமந்தால் அந்த விதிக்கு ஒரு நியாயம் வந்துவிடுகிறது என்று நினைத்தேன்.

இதைத் தங்கையிடம் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை. "அம்மா மட்டும் ஆசையாய்ச் சாப்பிட்டிருந்தா, நான் ஒரு துண்டத் திருடித் தின்னுருப்பேன் அண்ணா. அவளும் சேர்ந்து பட்டினி கெடக்கும்போது எப்படித் திருடறது? அது ரெண்டாவது பூட்டு," என்றாள்.

அந்தப் பதில் என்னைச் 'சத்திய சோதனை'க்கு இழுத்துக்கொண்டு போயிற்று. தென்னாப்பிரிக்காவில் கஸ்தூரிபா நோயுற்றிருந்தபோது உப்பையும் பருப்பையும் விடும்படி காந்திஜி வற்புறுத்தினார். உங்களால் அதை விட முடியுமா என்று அந்த அம்மையார் கேட்டார். உடனே காந்திஜி, நீ விட்டாலும் விடாவிட்டாலும் நான் ஒரு வருஷத்துக்கு விட்டேன் என்று விரதம் பூண்டார். அந்த அம்மையார் பதறிப்போய், தாம் விட்டுவிடுவதாகச் சொல்லி, விரதத்தைத் திரும்பப் பெறும்படி மன்றாடினார். அவர் இசையவில்லை. அழுது ஆறுவதைத் தவிர அம்மையாருக்கு வழி இருக்கவில்லை. காந்திஜி இதைச் சத்தியாக்கிரகத்தில் சேர்க்கிறார். தம் வாழ்வின் இனிய நினைவுகளில் ஒன்றாகவும் எழுதுகிறார். அம்மையாரின் உடம்பு பிறகு தேறியது என்பதும் அதிலேயே இருக்கிறது. அவருக்கு அது எப்படிப்பட்ட நினைவு என்று அவர் எழுதி வைக்கவில்லை.

கட்டளையிடுகிறவரோடு சண்டை போடலாம். சேர்ந்து கஷ்டப்படுகிறவரோடு எப்படிச் சண்டை போடுவது? அன்பின் பலமும் அதுதான், அதன் பயங்கரமும் அதுதான். என் தாயார் வேஷம் போடவில்லை. மகள் உண்ணாததை உண்ண அவளுக்கு உண்மையிலேயே மனம் வரவில்லை. ஆனாலும் உண்மையான அன்பு என்பதாலேயே அது இலேசான பாரமாகிவிடுமா? மாம்பழத்தை வேண்டாமென்று சொல்ல முடியாதவள் வேண்டுமென்று சொன்னதையும் நாம் நம்புவதில்லை. 'வேண்டும்' என்று சொல்ல முடியாத ஒருத்தியின் 'வேண்டாம்' மட்டும் எப்படித் தியாகமாகும்?

இதற்கு நேர் எதிரான வீடுகளையும் இப்போது பார்க்கிறேன். பத்தியமே இல்லை, எதை வேண்டுமானாலும் தின்னலாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். பழம் மேஜைமேல் இருக்கிறது. கணவன் வேலைக்குப் போய்விட்டான். குழந்தை ஒரு கையை விடுவதில்லை. ஒரு கையால் மாம்பழம் நறுக்க யாராலும் முடியாது. மாலையில் பழம் அப்படியே கறுத்துக் கிடக்கிறது. தடுத்தவர் யாருமில்லை. என் தாயாரின் வீட்டில் அனுமதி இல்லை, ஆனால் வேளைக்குச் சூடான சோறும் குழந்தையை வாங்கிக்கொள்ள மடியும் இருந்தன. இங்கே அனுமதி மட்டும் இருக்கிறது. இரண்டில் எது மேல் என்று என்னைக் கேட்டால், தங்கையைக் கேளுங்கள் என்பேன். அவள் இரண்டாவது குழந்தையை அப்படிப்பட்ட வீட்டில்தான் வளர்த்தாள். அவளும் சட்டென்று பதில் சொல்லமாட்டாள்.

கைக்குழந்தையோடு யாராவது எங்கள் வீட்டுக்குக் கோடையில் வந்தால் நான் செய்வது இதுதான். முருங்கைக்காய்ச் சாம்பாரும் வெள்ளரிப் பச்சடியும் பூண்டுக் குழம்பும் மூன்றுமே இருக்கும். எதையும் பரிமாறுவதில்லை, தின்னச் சொல்வதில்லை. நறுக்கிய மாம்பழத்தைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துவிட்டு, குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு திண்ணைக்குப் போய்விடுவேன். அது அழும். அரை மணி நேரமாவது உள்ளே திரும்பிப் பார்க்கமாட்டேன்.